மூத்திரமும் தலையெழுத்தும்

நம் நாட்டில் ஒரு கூலிக்காரன் நாற்பது வயதுக்குள் முகமும் காலும் வீங்கி, சோறு செல்லாமல், ஓயாமல் குமட்டி, மூச்சு முட்டிச் செத்துப் போவானேயானால், அந்தச் சாவுக்குக் காரணம் சொல்லுவதற்கு ஊரில் ஆள்களுக்குக் குறைவே இல்லை. சோசியன் வந்து "ஏழரைச் சனி" என்கின்றான். பூசாரி வந்து "குலதெய்வத்துக்கு நேர்ந்த கடாவை வெட்டாத குற்றம்" என்கின்றான். புரோகிதன் வந்து "முன் ஜென்மத்துப் பாவம்" என்கின்றான். இவர்களுக்கெல்லாம் பின்னால் வருகின்ற ஊர்ப் பெரிய மனிதர், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று ஒரே பேச்சில் காரியத்தை முடித்துவிட்டு, அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகளை மறுநாள் காலையில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டுப் போகின்றார்.

இந்த நான்கு பேரில் ஒருவராவது, "அவன் உயிரோடிருந்த காலத்தில் அவன் மூத்திரத்தை யாராவது ஒரு தடவை பரிட்சை செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். ஏனெனில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டுவிட்டால் இவர்கள் நான்கு பேருக்கும் அந்த இடத்தில் வேலை இல்லாமல் போய்விடும்.

தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுகின்ற எழுத்தை இதுவரை எவனும் கண்டதில்லை, எவனும் படித்ததில்லை. படித்ததாகச் சொல்லுகின்றவனும் ஆள் செத்த பிறகுதான் படித்துச் சொல்லுகின்றான். ஆனால் மனிதனுடைய மூத்திரத்தில் ஓர் எழுத்து இருக்கின்றது. அதை ஆள் சாவதற்குப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் முன்னாலேயே படித்துவிடலாம். படித்துவிட்டால் பெரும்பாலும் அதைத் திருத்தியும் எழுதலாம். இதுவே இன்று நாம் சொல்ல வந்த விஷயம்.

சிறுநீரகம் என்று புத்தகத்திலும், மூத்திரப்பிண்டம் என்று பழைய வைத்தியர்களாலும், குண்டிக்காய் என்று கிராமத்தாராலும் சொல்லப்படுகின்ற உறுப்பு, மனிதனுடைய முதுகுப்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் கைமுட்டி அளவில் இரண்டு இருக்கின்றது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, வேண்டாத கழிவை மட்டும் ஒன்று ஒன்றரை லிட்டர் மூத்திரமாக வெளியே தள்ளுகின்றன. இரத்தக் கொதிப்பை ஒழுங்கில் வைப்பதும், புது இரத்தம் ஊறுவதற்கான சத்தைச் சுரப்பதுங்கூட இவற்றின் வேலையேயாகும். பிரம்மாவின் முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக் கொள்ளுகின்றவனுக்கும் இரண்டுதான். காலில் பிறந்ததாகச் சொல்லப்படுகின்றவனுக்கும் இரண்டுதான். ஒருவனுடையதை எடுத்து மற்றொருவனுக்கு வைக்கின்ற டாக்டர், இரத்தப் பிரிவு பொருந்துகின்றதா என்று பார்க்கின்றாரே தவிர, சாதி பொருந்துகின்றதா என்று பார்ப்பதில்லை.

இந்த உறுப்புக்கு ஒரு குணம் உண்டு. அது வாய்விட்டுக் கத்தாது. பல் கெட்டால் வலிக்கின்றது. வயிறு கெட்டால் வலிக்கின்றது. சிறுநீரகமோ பாதிக்கு மேல் கெட்ட பிறகுங்கூட ஒன்றும் சொல்லாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். முகம் வீங்கி, களைத்து, குமட்டல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகின்ற நாளில் மிச்சமிருப்பது கொஞ்சமே. கெட்டுத் தழும்பேறிப் போனது பிறகு திரும்பாது. அதற்குமேல் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தி செய்துகொள்ள வேண்டும்; அல்லது வேறொருவர் சிறுநீரகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்; இரண்டும் கிடைக்காவிட்டால் சாக வேண்டும்.

இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து மெள்ள மெள்ளக் கெடுவதைத்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்கின்றார்கள். 2023ஆம் வருஷக் கணக்குப்படி உலகத்தில் வயது வந்தவர்களில் சுமார் 78 கோடி 80 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கின்றது. இந்தியாவில் மாத்திரம் சுமார் 13 கோடி 80 லட்சம் பேர். ஒரு வருஷத்தில் இதனால் நேராகச் செத்தவர்கள் உலகத்தில் சுமார் 15 லட்சம் பேர். 2025 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை கூடி, சிறுநீரக நோயைப் பற்றித் தனியாக ஒரு தீர்மானம் செய்திருக்கின்றது. அதைக் கொண்டுவந்து முன்நின்றது குவாதமாலா என்கின்ற சிறிய ஏழை நாடு. கரும்பு வெட்டுகின்ற கூலிகளைக் குழியில் போட்டுப் போட்டுக் கை சலித்த பிரதேசத்து நாடு அது. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகின்றோம்.

மூத்திரத்தில் இருக்கின்ற எழுத்தைப் படிப்பது பெரிய வித்தையா என்றால், அல்லவே அல்ல. ரிச்சர்ட் பிரைட் என்கின்ற டாக்டர் லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்தவர். 1827ஆம் வருஷத்தில் இந்நோயைப் பற்றி அவர் எழுதி வெளியிட்டார். உடம்பு வீங்கி வருகின்றவர்களின் மூத்திரத்தை ஒரு கரண்டியில் ஊற்றி, மெழுகுவர்த்தி நெருப்பில் காட்டினார். நோய் உள்ளவனுடைய மூத்திரம் முட்டையின் வெள்ளைக்கரு வெந்தாற்போலத் திரண்டது. உடம்பில் தங்க வேண்டிய புரதம் ஒழுகி வெளியே வருகின்றது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இன்றைக்கு அந்தக் கரண்டியும் மெழுகுவர்த்தியுங்கூட வேண்டியதில்லை. மருந்து தோய்த்த ஒரு சிறு காகிதத் துண்டை மூத்திரத்தில் நனைத்தால் நிறம் மாறிக் காட்டிவிடுகின்றது. இதோடு கிரியேட்டினின் அளவு பார்க்க ஒரு துளி இரத்தம், கையில் பட்டை சுற்றி இரத்தக் கொதிப்புப் பார்ப்பது, இவ்வளவுதான். ஒரு தடவை ஜாதகம் பார்க்கக் கொடுக்கின்ற தட்சணைக்கு ஒரு குடும்பத்தையே சோதித்து முடித்துவிடலாம்.

அப்படியிருக்க, ஜனங்கள் ஏன் சோதித்துக் கொள்ளுவதில்லை? முதற் காரணம் வெட்கம். மூத்திரம் என்கின்ற வார்த்தையை வாயால் சொல்லக் கூசுகின்றார்கள். அந்தச் சீசாவைக் கையில் எடுத்துப் போகும்போது முந்தானையால் மறைக்கின்றார்கள். சரி, மூத்திரம் என்றாலே அசுத்தம், ஆகையால் கூசுகின்றார்கள் என்று விட்டுவிடலாமா என்றால், அதுவும் இல்லை. இதே ஜனங்கள் புது வீடு புகும்போது மாட்டு மூத்திரத்தை வீடெங்கும் தெளிக்கின்றார்கள். பஞ்சகவ்யம் என்று பேர் வைத்து, மாட்டுச் சாணியையும் மூத்திரத்தையும் கலந்து, புரோகிதன் கையால் ஊற்ற, உள்ளங்கையில் வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக் கொள்ளுகின்றார்கள். மாட்டு மூத்திரம் குடித்ததால் இன்ன வியாதி இன்னாருக்குத் தீர்ந்தது என்பதற்கு இதுவரை யோக்கியமான ருசு ஒன்றும் இல்லை. தன் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்ததால் பிழைத்தவர்களோ உலகத்தில் லட்சக் கணக்கில் இருக்கின்றார்கள். மாட்டினுடையது தீர்த்தம், தன்னுடையது வெட்கமா? இந்த மனிதனுக்குத் தன் மானத்தைப் பற்றி மாட்டுக்கு இருக்கின்ற அளவு மதிப்பாவது இருக்க வேண்டாமா என்று கேட்கின்றோம்.

பெரியார் தமது கடைசி ஆண்டுகளில் மூத்திரம் இறங்குவதற்குக் குழாய் பொருத்திக்கொண்டு, அதையும் கூடவே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1973 டிசம்பர் 24ந் தேதி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். அதற்கு ஐந்து நாளைக்கு முன்புங்கூடச் சென்னையில் மேடையில் இருந்தார். உடம்பின் உபாதையை அவர் மறைத்துக்கொண்டு வீட்டில் படுக்கவும் இல்லை; அதற்காக எந்தச் சாமியிடமும் மனுப்போடவும் இல்லை. டாக்டரிடம் காட்டினார், வேலையைப் பார்த்தார். அவரைப் படத்தில் மாட்டி மாலை போடுகின்ற தோழர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் மூத்திரப் பரிட்சை செய்துகொண்டோம் என்பதை நம்மை நாமே கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிற்க, இந்நோய் ஏன் வருகின்றது என்பதைப் பார்ப்போம். பெரும்பான்மையானவர்களுக்கு இரண்டு காரணங்கள். ஒன்று நீரிழிவு, மற்றொன்று இரத்தக் கொதிப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நாடு முழுவதும் எடுத்து 2023இல் வெளியிட்ட கணக்கில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கின்றது. இவ்விரண்டையும் கட்டுக்குள் வைத்தால் சிறுநீரகம் தப்பும். வைப்பதற்கு மருந்து உண்டு. சிறுநீரகம் கெடுவதையே தாமதப்படுத்துகின்ற புது மாத்திரைகளும் வந்திருக்கின்றன. அவற்றில் எம்பாகிளிப்ளோசின் என்கின்ற ஒன்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் காப்புரிமையில் இருந்தவரை ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் அந்தக் காப்புரிமை காலாவதியானவுடன் பல கம்பெனிகளும் அதைச் செய்து விலை பல மடங்கு இறங்கிவிட்டது. மார்ச்சு மாதத்துக்கு முன்னால் வாங்க முடியாமல் செத்தவனுக்கு ஒரு தலையெழுத்தும், மார்ச்சு மாதத்துக்குப் பின்னால் வாங்கிச் சாப்பிட்டுப் பிழைத்தவனுக்கு வேறொரு தலையெழுத்தும் பிரம்மா எழுதினானா? அல்லது அந்த எழுத்து காப்புரிமைப் பத்திரத்தில் இருந்ததா?

மூன்றாவது காரணம் நாமே வாங்கி விழுங்குகின்ற விஷம். உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாசக் கணக்கில் தின்கின்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. பாதரசம் முதலியவை சேர்த்த பற்பம், செந்தூரம் என்பவைகளும் கெடுக்கின்றன. நாட்டு மருந்து சாப்பிட்டவர்களுக்கு மூத்திரத்தில் புரதம் கொட்டுகின்ற ஒரு வகைச் சிறுநீரக வியாதி வந்ததையும், மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறியதையும் 2022இல் டாக்டர்கள் எழுதி வெளியிட்டிருக்கின்றார்கள். நாட்டு மருந்து என்பதற்காக நாம் எதையும் வெறுக்கவில்லை; இங்கிலீஷ் மருந்து என்பதற்காக எதையும் பூசிக்கவும் இல்லை. எந்த மருந்தானாலும் அதில் என்ன இருக்கின்றது, அது என்ன செய்யும் என்பதற்கு ருசு கேட்கின்றோம். ரிஷி சொன்னார், சித்தர் சொன்னார் என்பது ருசு ஆகாது.

இதைவிட வெட்கக்கேடான சங்கதி ஒன்று கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் நடந்தது. 2021 முதல் 2023 வரை இதே வகை வியாதியோடு வந்த 15 பேரை டாக்டர்கள் விசாரித்தபோது, அவர்களில் 13 பேர் தோலை வெளுப்பாக்குகின்ற களிம்பு பூசியவர்கள் என்று தெரிய வந்தது. அந்தக் களிம்பில் பாதரசம் இருந்தது. கறுப்பு இழிவு, வெளுப்பு உயர்வு என்று இந்த நாட்டில் யார் கற்பித்தது? கல்யாணச் சந்தையில் பெண்ணின் நிறத்துக்கு யார் விலை வைத்தது? அந்தக் கற்பனை தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தின்கின்றது. சாதியும் வருணமும் மனதைத்தான் கெடுக்கும், உடம்பை ஒன்றும் செய்யாது என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி முன்னே சொன்ன கரும்பு வெட்டுக்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். நீரிழிவும் இல்லை, முன்னதாக இரத்தக் கொதிப்பும் இல்லை, வயதும் முப்பது நாற்பதுதான். ஆனால் சிறுநீரகம் அடியோடு போய்விட்டது. இப்படிப்பட்டவர்கள் மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா முதலிய நாடுகளின் கடலோரக் கரும்புத் தோட்டங்களில் ஆயிரக்கணக்காகச் செத்தார்கள். நிகராகுவாவில் ஒரு குடியிருப்புக்கு ஆண்பிள்ளைகள் செத்துச் செத்து "விதவைகளின் தீவு" என்றே பேர் வந்துவிட்டது. இலங்கையில் 1990களிலிருந்து அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல் விவசாயிகளுக்கு இதே கதி. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பிரதேசத்தில் தென்னையும் முந்திரியும் பயிர் செய்கின்ற கிராமங்களுக்கும் இதே கதி. அங்கே கடைசியில் 2023 டிசம்பரில் பலாசாவில் இதற்கென்று 200 படுக்கை ஆஸ்பத்திரியும், கிராமங்களுக்கு வேறிடத்திலிருந்து குடிதண்ணீர் கொண்டு வருகின்ற ஏற்பாடும் திறக்க வேண்டியதாயிற்று.

இதற்குக் காரணம் என்ன? ஆராய்ச்சிக்காரர்கள் வெயிலில் ஓயாமல் உழைத்து உடம்பு வறளுவது, பூச்சி மருந்து, குடிக்கின்ற தண்ணீரில் உள்ள பொருள்கள், உலோக நஞ்சு என்று பலவற்றையும் பரிசோதித்து வருகின்றார்கள். எல்லா இடத்துக்கும் இதுதான் ஒரே காரணம் என்று இன்னும் முடிவு கட்டவில்லை. கட்டாததை வெளிப்படையாகவும் சொல்லுகின்றார்கள். சோசியனுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை. விஞ்ஞானிக்குத் தெரியாதது பல உண்டு. இரண்டு பேருக்கும் உள்ள யோக்கியதை வித்தியாசம் இதுதான். ஆனால் ஒன்று மட்டும் கணக்காகத் தெரிந்திருக்கின்றது. நிகராகுவாவில் ஒரு பெரிய கரும்பு ஆலையில் வெட்டுக்காரர்களுக்கு நல்ல தண்ணீரும், நிழலும், மணிக்கணக்கில் ஓய்வும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறுநீரகச் சேதம் குறைந்தது. சனி பகவானுக்கு எள் விளக்கு ஏற்றியதால் குறையவில்லை. தண்ணீர், நிழல், ஓய்வு.

இது எங்கோ அமெரிக்கக் கண்டத்துச் சங்கதி என்று நாம் இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 350க்கு மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்து 2023இல் வெளியிட்டதில், 100க்கு 90 பேர் உடம்பு தாங்கத்தக்க அளவுக்கு மீறிய சூட்டில் வேலை செய்கின்றார்கள் என்றும், 100க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறைந்திருக்கின்றது என்றும் கண்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 3,000க்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளிகளைச் சோதித்ததில், நோய் கண்டவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நீரிழிவு முதலிய வழக்கமான காரணம் எதுவும் இல்லை. இவர்கள் யார்? பாத்தியில் உப்பு வாருகின்றவர்கள், நாற்று நடுகின்றவர்கள், களை எடுக்கின்றவர்கள், கரும்பு வெட்டுகின்றவர்கள், சூளையில் கல் அறுக்கின்றவர்கள். இவர்களுக்கு வெயிலில் நிற்கின்ற வேலையைச் சாதி கொடுத்தது. நிழலில் உட்கார்ந்து மந்திரம் சொல்லுகின்ற வேலையையும் அதே சாதிதான் வேறொருவனுக்குக் கொடுத்தது. மந்திரம் சொல்லி எவனுக்கும் உடம்பு வறண்டு சிறுநீரகம் கெட்டதாகச் சேதி இல்லை.

இவர்களிலும் பெண்களின் நிலைமை இன்னும் கொடுமையானது. காலையில் வேலைக்கு வந்தால் பொழுது சாய்கின்ற வரையில் ஒதுங்குவதற்கு ஒரு மறைவிடம் கிடையாது. ஆண்பிள்ளை வரப்போரத்தில் நின்றுவிடுகின்றான். அவள் என்ன செய்வாள்? தண்ணீர் குடித்தால்தானே மூத்திரம் வரும் என்று, உச்சி வெயிலில் நாக்கு வறள வறளத் தண்ணீர் குடிக்காமலே இருக்கின்றாள். வந்ததையும் அடக்குகின்றாள். நீர்க்கடுப்பு வருகின்றது, காய்ச்சல் வருகின்றது, யாரிடமும் சொல்லுவதில்லை. பெண்ணுக்கு நாணம் அணிகலம் என்று பாட்டுப் பாடுகின்ற இந்தத் தேசம், அந்த நாணத்தைக் காப்பாற்ற நாலு தட்டி வைத்து ஒரு கக்கூசு கட்டிக் கொடுக்கவில்லை. தொழிற்சாலையில் குடிதண்ணீரும் கக்கூசும் வைக்க வேண்டும் என்று 1948இலேயே சட்டம் எழுதினார்கள். 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பிலும் எழுதியிருக்கின்றார்கள். ஆனால் வரப்பில் நிற்கின்ற நடவுக்காரிக்கு அந்த எழுத்து எட்டுவதில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலில் செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்று ஏற்பாடு செய்திருக்கின்றது. நல்ல காரியந்தான். ஆனால் செத்த பிறகு 4 லட்சம் கொடுப்பதைக் காட்டிலும், சாகாமல் இருக்க ஒரு குடம் தண்ணீரும் ஒரு ஓலைக் கொட்டகையும் செலவு குறைவு அல்லவா?

இந்த இடத்தில் ஒரு வைதீக நண்பர் நம்மிடம், "ஐயா, விதி என்று சொன்னால் நோயாளிக்கு ஓர் ஆறுதலாவது கிடைக்கின்றது, அதையும் ஏன் பிடுங்குகின்றீர்கள்?" என்று கேட்டார். நியாயமாகவே கேட்டார், ஆகையால் பதில் சொல்லுகின்றோம். சாகக் கிடக்கின்றவனிடம் போய் நாம் வாதம் செய்ய வரவில்லை. அவனுக்கு எது ஆறுதலோ அது இருக்கட்டும். ஆனால் விதி என்கின்ற வார்த்தை நோயாளிக்கு ஆறுதலாக இருப்பதைவிட மற்றவர்களுக்கு அதிக ஆறுதலாக இருக்கின்றது. தண்ணீர் வைக்காத முதலாளிக்கு ஆறுதல். பாதரசம் விற்றவனுக்கு ஆறுதல். மாத்திரை விலையை ஏற்றியவனுக்கு ஆறுதல். சோதனை செய்யாத அதிகாரிக்கு ஆறுதல். இவர்கள் அத்தனை பேருக்கும் அது விடுதலைப் பத்திரம். நாம் பிடுங்க நினைப்பது அந்தப் பத்திரத்தைத்தான்.

விதியை நம்புகின்ற இதே தேசத்தில் பணம் உள்ளவன் மட்டும் தன் விதியை மாற்றி எழுதிக் கொள்ளுகின்றான். அதற்கு மை, ஏழையின் சிறுநீரகம். அதை விற்பதை 1994இல் சட்டம் தடுத்தது. ஆனால் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 100க்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் தீரவில்லை. குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூலிகளின் சிறுநீரகங்களைத் தரகர்கள் விலை பேசிய சேதி வெளிவந்து விசாரணை நடந்தது.

விலைக்கு விற்காத இடத்தில் வீட்டுப் பெண் கொடுக்கின்றாள். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று சிகிச்சைகளில் 29,000க்கு மேல் ஆண்களுக்கு. பெண்களுக்கு 6,945 மாத்திரமே. உயிரோடிருந்து உறுப்புக் கொடுக்கின்றவர்களிலோ ஐந்தில் நான்கு பங்கு பெண்கள். ஆணுக்கு வந்தால் மனைவி கொடுக்கின்றாள், தாய் கொடுக்கின்றாள். பெண்ணுக்கு வந்தால் "விதி" கொடுக்கின்றது. அன்பினால் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. அன்பு ஏன் ஒரே பக்கமாக ஓடுகின்றது என்றுதான் கேட்கின்றோம். பதிவிரதைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண், ஆஸ்பத்திரி மேசையிலும் அந்தக் கதையையே நடிக்க வேண்டியிருக்கின்றது.

இவ்விரண்டு அநியாயத்துக்கும் மாற்று, செத்தவர்களின் உறுப்பைக் கொடுப்பதாகும். தமிழ்நாட்டில் 2008 முதல் இதற்கு ஒழுங்கான திட்டம் நடக்கின்றது. 2023 செப்டம்பர் முதல் அப்படிக் கொடுத்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகின்றது. ஆனாலும் சிறுநீரகத்தைக் கொடுத்தால் அடுத்த ஜென்மத்தில் சிறுநீரகம் இல்லாமல் பிறப்பான் என்று பயப்படுகின்றவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். முழு உடம்பையும் சுட்டுச் சாம்பலாக்குகின்றவன் அடுத்த ஜென்மத்தில் எதைக்கொண்டு பிறப்பான் என்று இவர்கள் யோசிப்பதில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2016 முதல் மத்திய சர்க்கார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இரத்தச் சுத்தி இயந்திரங்கள் வைத்து வருகின்றது. தமிழ்நாட்டில் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஏழைகளுக்கு அது இலவசம். ஆனால் வருஷந்தோறும் புதிதாக 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் இந்தியாவில் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேருகின்றார்கள் என்று சர்க்காரே சொல்லுகின்றது. இயந்திரம் இலவசமானாலும், வாரத்தில் மூன்று நாள் நோயாளிக்கும் கூட வருகின்றவருக்கும் போகின்ற கூலியை யார் கொடுப்பார்கள்? ஓட்டைக் குடத்தின் அடியில் பாத்திரம் வைத்துக்கொண்டே போவதைவிட ஓட்டையை அடைப்பது மேல் அல்லவா?

ஆகவே, நாம் சர்க்காரையும் பொதுமக்களையும் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்:

1. நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ள ஒவ்வொருவருக்கும், வயலிலும் உப்பளத்திலும் சூளையிலும் வேலை செய்கின்ற ஒவ்வொருவருக்கும், வருஷம் ஒரு முறை மூத்திரமும் இரத்தமும் சோதிக்க வேண்டும். அதற்கு அவர்கள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்கு வராமல், ஆஸ்பத்திரி அவர்கள் வேலை செய்கின்ற இடத்துக்குப் போக வேண்டும்.

2. வெயிலில் வேலை வாங்குகின்ற ஒவ்வொருவரும் தண்ணீர், நிழல், ஓய்வு, பெண்களுக்குக் கக்கூசு இந்த நான்கையும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். சட்டம் வயல் வரப்பு வரைக்கும் நடக்க வேண்டும்.

3. மருந்து எந்த முறையைச் சேர்ந்ததானாலும், களிம்பானாலும், அதில் என்ன கலந்திருக்கின்றது என்பதைச் சோதிக்காமல் விற்கவிடக் கூடாது.

4. சுயமரியாதைக்காரர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் முதலில் பெண்களுக்கும் பிறகு தமக்கும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். செத்த பிறகு தம் உறுப்புகளைக் கொடுக்க இன்றே எழுதி வைக்க வேண்டும்.

நமது கூட்டங்கள் நடக்கின்ற இடத்தில் புத்தகம் விற்கின்ற மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சையும், சோதனைக் காகிதமும், இரத்தக் கொதிப்புப் பார்க்கின்ற கருவியும் வைத்தால் என்ன? தலையெழுத்து பொய் என்று நாம் நூறு வருஷமாகப் பேசி வருகின்றோம். பேச்சைக் கேட்டுவிட்டுப் போகின்ற கூலிக்காரத் தோழன், போகின்ற வழியிலேயே தன் உண்மையான எழுத்தையும் படித்துத் தெரிந்துகொண்டு போகட்டும். அவன் பிழைத்திருந்தால்தான் அடுத்த கூட்டத்துக்கு வருவான்.